நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அதிகாரி நானூறாம் பக்கத்தைத் திருப்பியபோது ஐயப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான்.

இன்னும் பன்னிரண்டே பக்கம்.

பாடப்புத்தகங்களைப் பார்வையிட அரசாங்கத்திலிருந்து வந்த பெண் அதிகாரி அவர். சின்ன வயது, மெல்லிய குரல். நூலக மேசையில் உட்கார்ந்து, எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்துகிற ஆளாக இருந்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

துபாயில் அது அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி. புத்தகங்கள் அமெரிக்காவிலிருந்துதான் பெட்டி பெட்டியாக வரும். இந்த ஊருக்கு ஆகாததை, முக்கியமாக உலக வரைபடத்தில் துபாயை ஒட்டிய வளைகுடாவுக்குப் போட்டிருக்கிற வேறொரு நாட்டுப் பெயரை, பிள்ளைகள் கைக்குப் போகுமுன் கறுப்பு மார்க்கரால் மறைத்துவிட வேண்டும். எந்தெந்தப் பக்கம் என்று அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். பட்டியலைப் பார்த்து மையடிப்பது நூலக உதவியாளர் ஐயப்பனின் வேலை.

இந்த வருடம் வந்தது புதிய பதிப்பு. ஐயப்பன் கையில் வைத்துக்கொண்டு அடித்தது போன வருடத்துப் பட்டியல்.

பட்டியலில் இருந்த மற்றதெல்லாம் அதே பக்கத்தில்தான் இருந்தது; வரைபடம் மட்டும் பழைய பதிப்பில் நானூற்றுப் பன்னிரண்டில் இருந்தது. புதியதில் அது நானூற்று முப்பதுக்குப் போய்விட்டது. ஆக, மறைக்க வேண்டியது பல்லிளித்துக்கொண்டு இருக்கிறது. மறைக்க வேண்டாத ஏதோ ஒரு படம் கறுத்துப்போயிருக்கிறது. நூற்று இருபது புத்தகத்திலும் இதே கதைதான்.

அதிகாரிக்கு எடுத்துக் கொடுக்கும்போது அட்டையில் வருடத்தைப் பார்த்துத்தான் அவனுக்கு விஷயமே உறைத்தது. அதற்குள் புத்தகம் அவர் கைக்குப் போய்விட்டது.

அந்தப் படம் அவனுக்கு நினைவிருந்தது. ஒரு பள்ளம். அதற்குள் செருப்பில்லாத கால்களோடு ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராகச் செத்துக் கிடந்தார்கள். கரையில் தொப்பி வைத்த அமெரிக்கச் சிப்பாய்கள் நின்றார்கள். 'பிலிப்பைன்ஸ், 1899' என்று கீழே போட்டிருந்தது. வரைபடத்தைக் காணோமே என்று அப்போதே தோன்றியது. பட்டியலில் இருக்கிறது, நமக்கென்ன வந்தது என்று அடித்துத் தள்ளிவிட்டான். பளபளப்புத் தாளில் மை பிடிக்காமல், அந்தக் கால்கள் மறைய இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது.

அல் கூஸ் கிடங்கில் பதினொரு வருடம் பெட்டி தூக்கி முதுகெலும்பு விலகியவன் அவன். இடுப்பில் பெல்ட் இல்லாமல் நிற்க முடியாது. யார் யார் காலையோ பிடித்து இந்த நூலக வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இது போனால் விசாவும் போகும். இந்த முதுகை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கிடங்கிலும் சேர்க்க மாட்டார்கள்.

நானூற்று ஐந்து.

வரலாற்று ஆசிரியை நளினி அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஐயப்பன் வாயைத் திறக்காத மாதிரி வைத்துக்கொண்டு தமிழில் முணுமுணுத்தான்.

"மேடம், லிஸ்ட்டு பழசு மேடம். மேப்பை மறைக்காம நானூத்திப் பன்னெண்டுல இருந்த படத்தை அடிச்சுப்புட்டேன். அம்புட்டு புக்குலயும்."

நளினிக்கு முகம் வெளுத்துவிட்டது. திட்டுவார் என்று பார்த்தான். திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பாவம், இவருக்கும் வேலை பயம் என்று நினைத்துக்கொண்டான்.

நானூற்றுப் பன்னிரண்டு வந்தது.

அதிகாரியின் கை நின்றது. பாதிப் பக்கத்துக்குக் கட்டியாகக் கறுப்பு. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது இந்த வருடப் பட்டியலில் இல்லையே, அடியில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி ஐயப்பனைப் பார்த்துத்தான்.

அடுத்த மாதம் இந்நேரம் எங்கே இருப்போம் என்றுகூட யோசித்துவிட்டான்.

நளினிதான் பதில் சொன்னார். அது பிணங்களின் படம், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பார்க்கக்கூடியதல்ல, மறைக்கச் சொன்னது நான்தான் என்றார். வகுப்பில் பாடம் எடுக்கிற அதே நிதானமான குரல்.

அதிகாரி தன் ஆய்வுப் படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். நளினி எழுதினார்: பக்கம் 412, மாணவர்களுக்கு ஏற்றதல்ல, இனி வரும் பிரதிகளிலும் மறைக்கப்படும். கீழே கையெழுத்துப் போட்டார்.

கேட்காமலே இவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள், மற்றதைப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லி அதிகாரி புத்தகத்தை மூடினார். முதல் தடவையாகச் சிரித்தார். விடைபெற்றுக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் ஐயப்பன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். இன்று சாயங்காலத்துக்குள் அத்தனை புத்தகத்திலும் வரைபடத்தைச் சரிசெய்துவிடுவதாகச் சொன்னான். உங்கள் புண்ணியத்தில் பிழைத்தேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான். பயத்தில் போன பேச்சு மொத்தமும் இப்போது திரும்பி வந்துவிட்டது. ஏதோ ஒரு பழைய படம்தானே மேடம், போனால் போகிறது என்றுகூடச் சொன்னான்.

நளினி மறுபடி புத்தகத்தைத் திறந்திருந்தார். கறுப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பழைய புக்ல இதப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருந்தது, ஐயப்பன். 'பிலிப்பைன்ஸ் அமெரிக்கா வசம் வந்தது', அவ்வளவுதான். இந்தப் படம் பிள்ளைங்க கண்ணுல படணும்னுதான் ரெண்டு வருஷம் ஆபீஸோட மல்லுக்கட்டி இந்தப் புது புக்கையே வாங்க வெச்சேன்."