எழுதி முடிக்கும்வரை

ரெஜினா கட்டளையைத் தட்டிவிட்டு, மேசைமேல் இருந்த சோதனைக் கம்ப்யூட்டர் சாவதற்காகக் காத்திருந்தாள். விழுகிற கம்ப்யூட்டர் உடனே எழுந்துவிடக் கூடாது. அந்த நொடியில் நினைவில் இருந்த அத்தனையையும் டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் எழ வேண்டும். எதனால் செத்தது என்று பிறகு படித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரையே இயக்கும் மைய நிரலான கெர்னலில் அந்த வசதியைச் சேர்ப்பதுதான் அவள் வேலை. சோதிக்க ஒரே வழி, வேண்டுமென்றே கொல்வது. இதுவரை ஒவ்வொரு முறையும் எழுதுவது பாதியில் நின்று அவள் மானத்தை வாங்கியிருந்தது.

திரையில் 'நினைவு எழுதப்படுகிறது' என்று வந்தது. ஒரு சதவீதம். இரண்டு. துள்ளப் போனவளின் கண்ணில் சோதனைக் கம்ப்யூட்டரின் சின்னத் திரையில் கடிகாரம் நகர்வது பட்டது. மேசைமேல் இருந்தது உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன, விழுந்துச்சா?" என்றான் பக்கத்து இருக்கைத் தணிகை.

"விழுந்துடுச்சு. ஆனா இது இல்ல."

அவன் எட்டிப் பார்த்தான். அவள் திரையில் ஒன்றுபோல இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஆஸ்பத்திரியில் அவசரம் என்று கேட்டார்களே என்று, நேற்று அவர்கள் கம்ப்யூட்டரில் இதே கெர்னலை ஏற்றிக்கொடுத்துவிட்டு மூட மறந்த ஜன்னலில்தான் அவள் கட்டளையைத் தட்டியிருந்தாள். அதன் தலையில் பொடி எழுத்தில் இருந்தது: தீவிர சிகிச்சைப் பிரிவு.

"ஐயோ, நிறுத்து அத!"

"நிக்காது. முடியுறவரைக்கும் யார் சொன்னாலும் கேக்கக்கூடாதுன்னு நாந்தான் எழுதி வெச்சேன்."

பழைய கெர்னல் இருந்தவரை அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் விழுந்த வேகத்தில் எழுந்துவிடும். இன்று அந்த எண், எங்கேயும் தடுமாறாமல், அவள் இத்தனை நாள் கெஞ்சியபடியே, நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. நான்கு. ஐந்து.