விஷச்செடி மேசை

"சாப்பாட்டுல கலந்துட்டா ருசியில தெரியுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஊதாப் பூக்கள் மணி மணியாகத் தொங்கிய தொட்டிச் செடியை விட்டு அவள் கண் நகரவே இல்லை.

மேசைக்குப் பின்னால் நின்ற பேராசிரியைக்குச் சுருக்கென்றது. மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'முள்ளு மேடம்'. கள்ளிச் செடிகளில் ஆராய்ச்சி செய்தவர் என்பது பாதிக் காரணம், மீதி அவருடைய வாய்.

பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் அது. ஏற்பாடு மொத்தமும் முள்ளு மேடத்தின் தலையில். விதை மேசைக்கும் பூச்சி தின்னும் செடிக்கும் சரியென்று தலையாட்டிய துறைத்தலைவர், விஷச்செடி மேசைக்கு மட்டும் முட்டுக்கட்டை போட்டார்.

"எவனாவது இங்க வந்து கத்துக்கிட்டுப் போய் எதையாவது செஞ்சு வெச்சா யாரும்மா பதில் சொல்றது?"

"தன் வீட்டுத் தோட்டத்துல என்ன நிக்குதுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா சார்?" என்று முள்ளு மேடம் மல்லுக்கு நின்று வாங்கிய மேசை. அதற்கென்று அவரே ஒரு விதியும் போட்டிருந்தார். செடியின் பெயரைச் சொல்லலாம், விஷம் என்று எச்சரிக்கலாம். எவ்வளவு, எப்படி, உடம்பை என்ன செய்யும் என்பதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

இந்தப் பெண்ணோ போவதும் வருவதுமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விஷம்மா. தொடாதீங்க, அவ்வளவுதான். ருசியெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"இல்லைங்க, எங்க வீட்டுல இதே செடி இருக்கு. புதுசா வாங்கி வெச்சிருக்கு." அவள் குரலைத் தணித்தாள். "ஒரேயடியா இல்லாம கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா? டாக்டரால கண்டுபிடிக்க முடியுமா?"

முள்ளு மேடம் தொட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். காலையில் வந்த கூட்டத்தில் ஒருவர்கூட டாக்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

"கூட யார் வந்திருக்காங்க?"

"வீட்டுக்காரர்" என்று சொல்லிக் கண்ணால் மட்டும் காட்டினாள்.

எதிர்மேசையில் கீரை நாற்றும் மூலிகை நாற்றும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே சாந்தமான முகத்தோடு ஒருவர் புதினா இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டிருந்தார். மனைவி பார்ப்பதைக் கண்டதும் ஓடிவந்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினார்.

"எவ்வளவு நேரமா வெயில்ல நிக்கற. இதைக் குடி."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நடைபாதை ஓரத்துக் குழாயைத் திறந்து, கையில் ஏந்தித் தண்ணீர் குடித்துவிட்டுச் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

என்ன கொழுப்பு என்று முள்ளு மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய வீட்டுக்காரர் இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுத்ததில்லை. ஆனாலும் அவர் மூன்று வேளையும் பயமில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார். இப்படித் தாங்குகிற புருஷனுக்கா இந்தக் கதி!

விஷயம் துறைத்தலைவர் காதுக்குப் போனால் விஷச்செடி மேசை மட்டுமல்ல, அடுத்த வருஷம் திறப்பு நாளே இருக்காது. போனால் போகட்டும், ஒரு உயிர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். முள்ளு மேடம் அந்த மனிதரை உர மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மனைவி இந்த ஊதாப் பூச்செடியைப் பத்தி ரொம்பத் துருவித் துருவிக் கேக்கறாங்க. சாப்பாட்டுல கலந்தா தெரியுமான்னு. டாக்டர் கண்டுபிடிப்பாரான்னு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அவளா? அவளா கேட்டா?"

"என் காதால கேட்டேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு வார்த்தை சொல்லலை. எங்க விதி அப்படி."

அவர் நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். "பெரிய உபகாரம் பண்ணினீங்க மேடம். வெளியில தெரிஞ்சா குடும்ப மானம் போயிடும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் வண்டியை எடுத்துட்டு வரேன். இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பேசிக்கறேன்."

பாவம், நல்ல மனுஷன் என்று முள்ளு மேடத்துக்கு மனசு இளகிவிட்டது.

மேசைக்குத் திரும்பினால், அந்தப் பெண் மறுபடியும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு நெருங்கி வந்தாள். "மேடம், கடைசியா ஒண்ணே ஒண்ணு. இது உள்ள போனா உடம்புல முதல்ல என்ன தெரியும்? அதை மட்டும் சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவ்வளவுதான். அதுவரை இருந்த 'நீங்க'வெல்லாம் பறந்துவிட்டது.

"உனக்கு வெக்கமா இல்லை? கட்டின புருஷனுக்கே குழி தோண்டறியா? எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிட்டேன். இனிமே நீ சமைச்சுப் போடற எதையும் அந்த மனுஷன் வாயில வெக்க மாட்டார்."

அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"எங்க வீட்டுல சமைக்கறது அவர்தான் மேடம்."