அரை நாள் வேலை

அது அவனுடைய வேனின் சத்தம்தான். வட்டவளைக் கடைத்தெருவில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அழகுமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. "கேஸ்கட் இன்னும் வரல, வண்டிய எடுக்க ஏலாது" என்று வாரக்கணக்கில் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த சுதாகரனின் கராஜுக்குள் இருந்துதான் அது வந்தது.

அவனும் சுதாகரனும் ஒரே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் வளர்ந்தவர்கள். சுதாகரனைத் தவிர வேறு எந்த மெக்கானிக்கையும் அவன் தன் வேனைத் தொட விட்டதில்லை.

வேன் பழுதான அன்றைக்கு ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஏற்றத்தில் போகும்போது, முன்சீட்டுச் சிறுமி "மாமா, பொகை வருது!" என்று கத்தியபிறகுதான் வேனை நிறுத்தினான். இன்டேக் மேனிபோல்டு எஞ்சினோடு சேருகிற இடத்தில் கேஸ்கட் இற்றுப்போய்க் கூலண்ட் தண்ணீர் கசிகிறது என்றான் சுதாகரன். கழற்றிச் சுரண்டித் துடைத்து, புதுக் கேஸ்கட் வைத்து முறுக்கினால் போதும். அரை நாள் வேலை.

அந்த அரை நாள்தான் இப்படி இழுத்துக்கொண்டே போயிற்று. அதற்குள் பிள்ளைகளை ஏற்ற வேறொரு வேன் வந்துவிட்டது. ஓட்டுவது செல்லசாமி. அழகுமுத்துவின் மனைவி வினோதாவுக்கு உடன்பிறந்த அண்ணன்.

காலையில் பாதையோரம் சும்மா நிற்கும்போது, அந்த வேனுக்குள் இருந்து "முத்து மாமா!" என்று பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். எந்தக் குரல் எந்தப் பிள்ளையுடையது என்று அவனுக்கு அத்துப்படி. கையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வான்.

வெயில் பிடரியைச் சுட்டது. கராஜ் வாசற்படியில் கால் இடறி, கதவைப் பிடித்துக்கொண்டான்.

"சனியன் புடிச்ச பனி," என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே முணுமுணுத்தான்.

சுதாகரன் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்தான். "வா முத்து. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்க?"

"சொல்லிட்டு வந்தா எஞ்சின நிப்பாட்டி வச்சிருப்பியே!"

சுதாகரன் எஞ்சினை நிறுத்தினான். கராஜ் அமைதியானது.

"வண்டிய எடுக்க ஏலாதுன்ன. இப்ப எப்பிடிடா ஓடுது? செல்லசாமி சொல்லித்தானே புடிச்சு வச்சிருக்க?"

"அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

"பொறகு யாரு?"

சுதாகரன் கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ஒன் வீட்டுக்காரி. இங்க வந்து நின்னு அழுதுச்சு. 'புள்ளைங்கள ஏத்துற வேன் அண்ணே, அவரு கையில குடுத்துறாதீங்க'ன்னு."

வினோதாவா? நேற்றுக்கூடச் சோற்றைப் போட்டுக்கொண்டே, "வேன் எப்பங்க வரும்?" என்று கவலையோடு கேட்டாளே. கூடப் பிறந்தவன் பிழைக்க வேண்டும் என்பதற்காகக் கட்டியவன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாளா?

அழகுமுத்து கையை நீட்டினான். "அண்ணனும் தங்கச்சியும் சேந்து என்னய நடுரோட்டுல விட்டுட்டாங்க. அதுக்கு நீயும் கூட்டு. ஒன்னய என் கூடப் பொறந்தவனாட்டம் நெனைச்சேனேடா! சாவியக் குடு."

"தாறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ இதப் பாத்துட்டுப் போ."

சுதாகரன் வேனின் முன்சீட்டைத் தூக்கி, கீழே இருந்த எஞ்சினுக்குள் டோர்ச் அடித்தான். "மேனிபோல்டுக்கு அடியில. ஒழுகுறது தெரியுதா?"

முகம் எஞ்சினில் முட்டிவிடுமோ என்கிற அளவுக்கு அழகுமுத்து குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"தெரியாம என்ன? பச்சப் பசேல்னு ஒழுகுது! ஒரு கேஸ்கட்டக்கூட மாத்தாம, இத்தன நாளா என்னய ஏய்ச்சிருக்கியேடா, துரோகி!"

சுதாகரன் டோர்ச்சை அணைத்தான். அழகுமுத்துவின் தோளில் கை வைத்தான்.

"கேஸ்கட்ட அன்னைக்கே மாத்திட்டேன் முத்து. அங்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."