கைராசிக்காரி

மூன்றாவது படத்திலும் தலை இல்லை.

கழுத்து வரைக்கும் எல்லாம் பிரமாதம். இஸ்திரி போட்ட காலர் இருந்தது, பின்னால் நீலத்திரை இருந்தது. முகத்தைத்தான் காணோம். கம்ப்யூட்டர் முன்னால் நின்ற மகளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"ஏம்மா, காலேஜ்ல என் மூஞ்சியத்தானே கேட்டிருக்காங்க? காலரை வச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க?"

"இன்னொண்ணு எடுக்கலாம், உட்காரு" என்றாள் அம்மா, காமிராவை விட்டு நகராமல்.

"பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு. சீக்கிரம்மா."

நகரத்து நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. இன்றைக்கு நாலு மணிக்குள் ஆறு பாஸ்போர்ட் போட்டோவோடு போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. பெட்டி வாசலில் தயாராக இருந்தது.

அந்தச் சின்ன ஊரில் ஸ்டூடியோ என்றால் அது ஒன்றுதான். ஊரை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் போகும்முன் உட்காரும் ஸ்டூல் அது. வேலை கிடைத்தவன், கப்பலேறுகிறவன், கட்டிக்கொண்டு போகிறவள் என்று அத்தனை பேரின் மோவாயையும் நிமிர்த்தி, காலரைச் சரிபண்ணி அனுப்பி அனுப்பி, பத்தொன்பது வயசிலேயே மகளுக்கு அலுத்துவிட்டது. ஊரே கிளம்பிப் போகிறது, நாம் மட்டும் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டு கிடக்கிறோமே என்ற ஏக்கம் வேறு.

வேலையெல்லாம் அவள் தலையில்தான். லைட் போடுவது, காமிராவை ஏற்றி இறக்குவது, பிரிண்ட் எடுத்து வெட்டுவது, எல்லாம். பட்டனை மட்டும் அம்மாதான் அமுக்க வேண்டும். அம்மாவின் கைராசி அப்படி. அவள் அமுக்கினால் போன காரியம் ஜெயம் என்று ஊரே சொல்லும். மகள் "உம்" என்பாள், அம்மா அமுக்குவாள். ஒரு வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்குத் தானே ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்ததால், "உயரமெல்லாம் நீயே பார்த்துக்கோம்மா" என்று விட்டுவிட்டாள். வந்தது வினை.

நாலாவது படமும் வந்தது. இந்தத் தடவை ஒரு காதும் நிறையத் திரையும்.

வழியனுப்ப வந்த பக்கத்துக் கடைத் தையல்காரர், நிலைமையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

மகளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் திரும்பி அம்மாவைப் பார்த்ததும் குரல் தானாகத் தணிந்தது.

"அம்மா, இருபத்தஞ்சு வருஷமா படம் எடுக்கறே. உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? உடம்பு எதாவது படுத்துதா? சொல்லிடும்மா. காலேஜ் எங்க ஓடிடப் போகுது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

போன வருஷமும் இதே பேச்சுதான். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை என்றதும், கிடைத்த இடத்தை யாரும் சொல்லாமலேயே விட்டுக்கொடுத்தவள் அவள். அப்புறம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அம்மாவுக்குக் கேட்காமல் இருக்குமா?

அம்மாவின் முகம் இறுகியது.

"என் உடம்புக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். வேணும்னேதான் அப்படி எடுத்தேன்."

"என்னது?"

"போட்டோ இல்லேன்னா சேர்த்துக்க மாட்டாங்கல்ல? அதுக்குத்தான். பெத்தவளை விட்டுட்டு அப்படி என்ன ஊரு வேண்டிக் கெடக்கு உனக்கு? பேசாம கடையைப் பார்த்துக்கிட்டு இரு."

மகள் கம்ப்யூட்டரை அணைத்தாள். கத்துவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"டைமர் வச்சு நானே எடுத்திருப்பேன்மா. ஊருக்கெல்லாம் பலிச்ச கைராசி எனக்கும் பலிக்கட்டுமேன்னு உன் முன்னால வந்து உட்கார்ந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"இப்ப என்ன கெட்டுப் போச்சு? நாளைக்கு எடுத்துக்கலாம்."

"ஒண்ணும் வேண்டாம். அங்க ஸ்டூடியோவே இல்லையா? இறங்கினதும் எடுத்துக்கறேன்." பெட்டியைத் தூக்கினாள். "எனக்கு இந்த ஊரும் அலுத்துப் போச்சு, நீயும் அலுத்துப் போயிட்டேம்மா."

விடுவிடுவென்று தெருவில் இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அம்மா காமிரா ஸ்டாண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்திருக்கும்.

கடைக்கு எதிரேயே பஸ் வந்தது, நின்றது, கிளம்பியது. சத்தம் அடங்குகிற வரைக்கும் அம்மா அசையவில்லை.

தையல்காரர் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தார்.

"நல்லாருக்கு தங்கச்சி நீ பண்ணின காரியம்! பொண்ணு மொத தடவையா வெளியூர் போகுது, இப்படியா வயித்தெரிச்சலைக் கொட்டி அனுப்புவே?"

"ஏறிட்டாளாண்ணே? நல்லாப் பார்த்தீங்களா?"

"ஏறிட்டா, ஏறிட்டா. ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுக்கிட்டே போறா. கடைசி நிமிஷத்துல மனசு கேட்காம உனக்குக் கையாட்டிச்சு அந்தப் பொண்ணு. கல்லு மாதிரி நின்னியே, பதிலுக்கு ஒரு கையைத் தூக்கினா கொறைஞ்சா போயிடுவே?"

"கையாட்டினாளா?" அம்மா புறங்கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணு தெரியலைன்னு சொல்லியிருந்தா, அவ போயிருக்க மாட்டாண்ணே."