புருவத்தைப் பாரு

“இங்கிலீஷ்ல மொத்தமே ஒரே ஒரு வார்த்தைதான் தம்பி. மத்ததெல்லாம் அதுக்கு எடுபிடி. அந்த வார்த்தை, ‘அன்பிலீவபிள்’!”

சிதம்பரத்தில், தன் வீட்டு சோபாவில் சாய்ந்தபடி கலியமூர்த்தி உபதேசித்தார். ஓய்வுபெற்ற சூப்பரின்டெண்ட். அந்த ஒற்றை வார்த்தையை வைத்தே ஆபீசில் எல்லா அதிகாரிகளையும் சமாளித்தவர்.

“நல்ல சேதின்னா புருவத்தை மேல தூக்கிச் சொல்லணும். கெட்ட சேதின்னா கீழ இறக்கணும். அவ்ளோதான் கிராமர்!”

எதிரே, ஸ்ரீதர் நாற்காலி நுனியில் இருந்தான். அவர் மகள் காயத்ரியைப் பெண் கேட்டு வந்திருக்கிறான். சென்னையில் வேலை பார்க்கும் அவள் போனில் சொல்லியிருந்தாள்: “எதையும் மறைக்காம சொல்லிடு. அப்பா வாயைப் பாக்காத, புருவத்தைப் பாரு.”

“கடலூர்லேர்ந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன் சார்.”

“அன்பிலீவபிள்!” புருவம் ஏறியது.

நல்ல சகுனம். ஸ்ரீதர் அடுத்ததைச் சொன்னான். “எனக்கு இப்ப வேலை இல்லீங்க. கம்பெனியில அனுப்பிட்டாங்க.”

“அன்பிலீவபிள்!” புருவம் வழுக்கையை எட்டிப் பார்த்தது.

இப்படியும் ஒரு மனிதரா! ஸ்ரீதருக்குத் துணிச்சல் வந்தது. ‘சார்’, ‘மாமா’ ஆனார்.

“காயத்ரி என்னைவிட மூணு வயசு பெரியவ மாமா.”

“அன்பிலீவபிள்!”

“அது வந்து... கடலூர் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல போன மாசமே கல்யாணத்தை முடிச்சிட்டோம் மாமா.”

கலியமூர்த்தி எழுந்தே விட்டார். “அன்பிலீவபிள்!” என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். ஸ்ரீதர் தடாலென்று அவர் காலில் விழுந்தான்.

சமையலறையில் மிக்சி நின்றது. அவர் மனைவி சௌந்தரம் ஒரு குட்டி டப்பாவோடு வந்தாள். அதிலிருந்த மிஷினை எடுத்துக் கணவரின் காதில் மாட்டினாள்.

“புதுசு தம்பி. பொண்ணுக்கே தெரியக் கூடாதுன்னு இவருக்கு ஒரே வீம்பு. காலையிலேர்ந்து சார்ஜ்ல கெடந்துச்சு. இது இல்லன்னா இடி விழுந்தாக்கூட இவருக்குக் கேக்காது. இப்ப மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

ஸ்ரீதர் மெல்ல எழுந்து, சட்டையைச் சரி செய்துகொண்டான்.

“கடலூர்லேர்ந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், சார்.”