வெர்ன் கொடுத்த அடிச்சட்டம்

"மெதுவா விடுப்பா! பொணத்தையா இறக்குற, இப்படித் தடுமாறுற?" என்று சொல்லிவிட்டு வெர்ன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராய்ஸ் சங்கிலியை இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். கொட்டகை உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய அந்தப் பழைய பிக்கப் வண்டியின் உடம்பு, 1948இல் செய்தது, அவன் மகன் கோல்பி ஆசை ஆசையாக வாங்கிப் போட்டது. துருவைச் சுரண்டி, தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பாதி வேலையை முடித்திருந்தான் பையன். அதற்குள், சைக்கிளில் வந்தவனை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது.

ஷெரிஃபின் போலீஸாருக்குக் கிடைத்ததெல்லாம் சைக்கிளில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்ட் செதில்கள்தாம். அன்றிலிருந்து எந்தக் கடை வாசலில் நீல வண்டி நின்றாலும், குனிந்து அதன் மூக்கைப் பார்க்காமல் ராய்ஸ் நகர்ந்ததில்லை.

வெர்ன் பக்கத்து மாவட்டத்துக்காரன். குளிர்காலத்தில் ஒரு நாள், முன்பின் தெரியாதவன், டிரெய்லரில் வேறொரு வண்டியின் அடிச்சட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். "உன் பையனோட வண்டி பாதியில நிக்குதுன்னு கேள்விப்பட்டேன். பழைய இரும்புக் கடையில இது கிடந்தது. மேல தகரம் ஒண்ணும் இல்ல, எஞ்சினும் சக்கரமும் சேர்ந்த வெறும் எலும்புதான். எடுத்துக்க." காசு வாங்க மறுத்துவிட்டான். அதன் பிறகு வாரம் தவறாமல் வந்து கூடவே வேலையும் பார்த்தான்.

புதுசாகக் கறுப்பு அடித்திருந்த அந்த எலும்பு, இந்தக் காலத்துச் சின்னப் பிக்கப்புடையது. அதில்தான் சூட்சுமம் இருந்தது. பழைய வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் கோத்தவை; ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து ஆடும். பிரேக்கை மிதித்தால் எப்போது நிற்கும் என்று அதற்கே தெரியாது. சின்னப் பிக்கப்பிலோ ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். எஞ்சின், கியர், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் ஒன்றோடொன்று பழகியபடி அதிலேயே இருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். உடம்பு உட்காரும் தாங்கிகளை மட்டும் வெட்டி இடம் மாற்றி ஒட்டினால், தாத்தாவின் கோட்டைப் பேரன் போட்டுக்கொண்ட மாதிரி பொருந்திவிடும்.

பொருந்தியது. கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டு, ராய்ஸ் முதல் தடவையாகச் சாவியில் கை வைத்தான்.

"எடுத்ததும் பன்னிக்குட்டி மாதிரி கீச்சுன்னு கத்தும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும். பயந்துடாத," என்றான் வெர்ன்.

எஞ்சின் அப்படியே கத்தியது. அப்படியே அடங்கியது. மகன் போன பிறகு முதல் தடவையாக ராய்ஸ் வாய்விட்டுச் சிரித்தான். "உனக்கு ஜோசியம்கூடத் தெரியுமாப்பா?"

"பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற உருளை தேஞ்சிருக்கு," என்று குனிந்தபடியே சொன்னான் வெர்ன். "சனிக்கிழமை புதுசு வாங்கிட்டு வந்து மாட்டுறேன். அதுவரைக்கும் ரோட்டுல எடுக்காத."

"அன்னிக்குத்தானே ஊர்ல பழைய வண்டி ஊர்வலம்? ஒரு கீச்சுக்காகவா நிறுத்தணும்?"

"பெல்ட் அறுந்தா ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கேளு, ராய்ஸ்."

கூடப் பிறந்த அண்ணன்கூட இப்படிக் கவலைப்பட மாட்டான் என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை. வெர்ன் போனை எடுக்கவில்லை. கோல்பி சொல்லிவைத்திருந்த அதே சிவப்பில் வண்டி மினுமினுத்தது. இந்த ஊர்வலத்தில் இதை ஓட்டிப் போக வேண்டும் என்பதுதான் பையன் கடைசியாகப் போட்ட திட்டம். ஓட்டிப் போய்விடலாம். ஆனால் பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு போக ராய்ஸுக்கு மனம் வரவில்லை. அங்கே உட்கார வெர்னை விட்டால் வேறு யார்?

தன் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முதல் வீடு என்று வெர்ன் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். ஒரு தடவைகூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. கூச்சக்காரன்.

கோதுமை வயல்களுக்கு நடுவே வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் ஓடியது. பள்ளம் வந்தபோது ஒரு சக்கரம் மட்டும் இறங்கி ஏறியது. மற்றது கண்டுகொள்ளவே இல்லை. "பார்த்தியாடா கோல்பி?" என்றான் ராய்ஸ், காலி இருக்கையைப் பார்த்து.

தொட்டிக்குப் பின்னால் இருந்த வீட்டு வாசலில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, தபால் பெட்டியில் பெயரைப் பார்த்தான். வெர்ன் ஹாலிங்கர். வீடு இதேதான். முற்றத்தில் வெர்னின் டிரெய்லர் மட்டும் நின்றது. உருளை வாங்கப் போயிருப்பான்; வரட்டும், உள்ளே நிறுத்திக் காத்திருப்போம் என்று மறுபடி ஏறிச் சாவியைத் திருகினான்.

எஞ்சின் பன்னிக்குட்டி போலக் கீச்சிட்டு அடங்கியது.

வீட்டுக்குப் பின்பக்கம், துணி உலர்த்தும் கொடியில் காற்றில் படபடத்த போர்வைகளுக்கு அப்பாலிருந்து, ஒரு பெண்குரல் சந்தோஷமாகக் கேட்டது:

"வெர்ன், வித்துட்டேன்னு சொன்னியே, நம்ம நீல வண்டி... அதுவா திரும்பி வந்திருக்கு?"