பதமான வெடி

நெல்லித்தோப்பிலிருந்து லாரியில் கல்குவாரிக்குப் போகும் கூட்டத்தில் அரிகிருஷ்ணன்தான் வெடி வைப்பவன். அன்று குழிகளை நெருக்கிப் போட்டு, வெடிமருந்தைக் குறைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வைத்தான். ஜல்லி அரைக்கும் கிரஷரில் நேராகக் கொட்டும் அளவுக்குப் பாறை சின்னச் சின்னக் கல்லாகச் சரிந்தது.

முதலாளி பூரித்துப்போய் மேஸ்திரியிடம் சொன்னார். "இனிமே கல்லு உடைக்கப் பொம்பளைங்க வேணாம். நாளையிலேருந்து நிறுத்திடு."

சாயங்காலம் லாரியை விட்டு இறங்கியதும் கல் உடைக்கும் பெண்களில் ஒருத்தியான வேம்பு அவனிடம் வந்தாள்.

"சம்பாதிக்கிறேன்னுதான் அம்மா என்னைக் கட்டிக் குடுக்காம விட்டு வச்சிருந்துச்சு. இனிமே திண்டிவனத்து மாமனுக்கே கட்டிக் குடுத்துடும். எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?"

அரிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். சுத்தியல் பிடித்துக் கிழிந்துபோன அவளுடைய உள்ளங்கைகள் ஆறட்டும் என்றுதான் அப்படிச் செய்தான். அதைச் சொல்ல அன்றும் அவனுக்கு வாய் வரவில்லை.